துணைக்கட்டி

மணக்கால்துறையில் இமல்டா என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கொதிதண்ணி இமல்டா என்று கேட்டால் நேராக என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். ஏலக்கூடத்தில் எடையில் கை வைத்த வியாபாரி ஒருவனை, அவன் எடுத்த நெய்மீனாலேயே அடித்தவள் நான். பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் நடுவில் எழுந்து போயிருக்கிறேன். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் ரோமால்ட்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நாத்தனார் ஜெசிந்தாவை ஊர் இன்றைக்கும் திட்டுகிறது. பத்திரிகையில் படம் போட்டுத் திட்டினார்கள், டீக்கடையில் உட்கார்ந்து திட்டினார்கள். அவளும் "ஆமாம், என் தப்புதான்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நானும் திட்டினேன். ஊர் மொத்தமும் திட்டியதைவிட அதிகமாகவே திட்டினேன். அவள் ஒத்துக்கொண்டதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியவந்தது பிறகுதான். ஊருக்கு அது இன்னும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் போவது ஆழ்கடலுக்கு. போனால் இரண்டு வாரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் நிற்க முடியாது, ஏனென்றால் ஐஸ் நிற்காது. பிடித்த மீனைப் படகின் அடியறையில் ஐஸில் புதைத்து வைப்பார்கள். ஐஸ் கரைந்தால் மீன் நாறிவிடும். எவ்வளவு பாடு, அதாவது மீன், கிடந்தாலும், எவ்வளவு பேராசை இருந்தாலும் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆக, எங்கள் வீட்டு ஆண்களைக் கரைக்குக் கூட்டி வந்தது நாங்கள் சொன்ன ஜெபமாலை மட்டுமில்லை, ஐஸும்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. படகில் ஐஸ் ஏற்றுகிற அன்று, அதே அச்சில் வார்த்த கட்டி ஒன்றைக் கரையில் நிறுத்திக்கொள்வோம். கடற்கரையில் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கும், படகுக்கு ஒன்று. அதில் மரத்தூள் பரப்பி, கட்டியை வைத்து, மேலேயும் மரத்தூளைக் கொட்டி, சாக்கைப் போர்த்திவிடுவோம். தொட்டியின் அடியில் ஒரு துளை, துளைக்குக் கீழே ஒரு பானை. அந்தக் கட்டிக்குத் துணைக்கட்டி என்று பெயர். துணைக்கட்டி இருக்கிற வரை படகைப் பற்றி யாரும் கலங்கிப் பேசக் கூடாது, அழக் கூடாது, ஊர்க் கமிட்டியில் போய் நிற்கக் கூடாது. கட்டி முழுக்கத் தண்ணீராகியும் படகு வரவில்லையா, அன்றைக்கே குருசடி மணியை அடித்துவிடுவார்கள். கரையில் இருக்கிற படகெல்லாம் தேடக் கிளம்பும், அதிகாரிகளுக்குத் தகவல் போகும். படகு வந்துவிட்டால், அந்தப் பானைத் தண்ணீரில்தான் ஆண்கள் முதலில் முகம் கழுவுவார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தக் கட்டியால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

போன் இல்லையா, வயர்லெஸ் இல்லையா என்று கேட்பீர்கள். அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. வயர்லெஸ் கொஞ்ச தூரம்தான் கேட்கும். இருக்கிற இடத்தைக் காட்டும் கருவி ஒன்றைப் படகில் வைத்திருக்கிறார்கள், துறைமுகம் தாண்டியதும் எங்கள் ஆட்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்கள். மீன் கிடக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமாம்! இந்தப் புத்தியை மாற்றச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஜெசிந்தா என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்கள் ஊரில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மாமனார் ஒரு தடவை ஐஸ் பற்றாமல், பிடித்த மீன் முழுவதையும் நாற்றத்தோடு கொண்டு வந்து துறைமுகத்துத் தண்ணீரிலேயே கொட்டினாராம். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் இவள். மற்றப் பிள்ளைகளுக்கு அது மறந்துபோயிருக்கும், இவளுக்கு மறக்கவில்லை.

ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் சாளை அரிந்துகொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மைனி, ஐஸ்னா என்ன?" என்று கேட்டாள்.

"இது என்னட்டி கேள்வி? ஐஸ்னா ஐஸ்."

"அண்ணன் கையில இருக்கிற வலையப் பாருங்க. நூல் ஒண்ணுதான். முடிச்சு போட்டா வலை, அவுத்துவிட்டா வெறும் நூல். தண்ணியும் அப்பிடித்தான். ஒரு துளி இன்னொரு துளியோட முடிச்சு போட்டுக்கிட்டு அசையாம நின்னா ஐஸ். முடிச்சு அவுந்தா தண்ணி. எல்லா முடிச்சும் அவுந்து, நூலே பறந்துபோச்சுன்னா ஆவி."

"சரி, முடிச்ச யாரு அவுக்கா?"

"சூடு. ஒவ்வொரு முடிச்ச அவுக்கதுக்கும் ஐஸு கொஞ்சம் சூட்ட எங்கயாவது இருந்து இழுக்கணும். மீன்ட்ட இருந்து இழுக்கும். அதனாலதான் மீனு குளிந்து கெடக்கு. நான் என்ன பண்ணியிருக்கேன்னா, ஐஸு வார்க்கும்போதே ஒரு பொடியப் போட்டு முடிச்ச இறுக்கிட்டேன். இனிமே ஒரு முடிச்சு அவுரதுக்கு பத்து மடங்கு சூடு கேக்கும். அவ்வளவு நேரமும் மீன குளிர வச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு வாரம் நிக்கிற ஐஸு நாலஞ்சு மாசம் நிக்கும் மைனி!"

அவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையையே பார்த்தார். பெருமையில் அவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

"அப்ப எங்க ஆளு எப்பட்டி வீட்டுக்கு வருவாரு?"

ஜெசிந்தா சிரித்தாள். "அண்ணனுக்கு வீட்டுக்கு வழி தெரியாதா மைனி?"

"வழி தெரியும். வரணும்னு யாரு சொல்லுவா?"

அவள் பேச்சை மாற்றி, இறுகின ஐஸ் அச்சில் ஒட்டிக்கொண்டால் அவிழ்க்க இன்னொரு பொடி இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் அச்சுக் கழுவ அதைத்தான் வைத்திருக்கிறோம் என்று என்னவோ சொன்னாள். நான் சாளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷமே ஒரு கம்பெனி அந்தப் பொடியை வாங்கிக்கொண்டது. அந்த ஐஸ் வார்க்கக் கரண்டும் பல மடங்கு தேவைப்பட்டதால் எங்கள் ஊர்ச் சின்ன ஐஸ் ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். டீசலும் அரிசியும் குடிதண்ணீரும் கொண்டு போய் நடுக்கடலிலேயே கொடுக்கக் கம்பெனி ஒரு தாய்க்கப்பல் விட்டது. அதுவரை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாத பொருள் ஐஸ் ஒன்றுதான். அந்தத் தொல்லையும் தீர்ந்ததா, அப்புறம் படகு எதற்குக் கரைக்கு வர வேண்டும்?

வரவில்லை. இரண்டு வாரத்தில் வந்தவர்கள் நாலு மாதம் கழித்து வந்தார்கள். மீன் மலைபோல வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வீடுகள் மாடி ஏறின. ஆனால் பிள்ளை பிறந்து ஞானஸ்நானமும் முடிந்து, அது குப்புற விழ ஆரம்பித்த பிறகு தகப்பன் வந்து பார்த்தான். அது அவனைக் கண்டு அலறியது. பக்கத்து வீட்டு அருளம்மை இறந்து அடக்கம் ஆனது, கடலில் இருந்த மகனுக்குத் தெரியாது. துறைமுகத்தில் இறங்கியதும் அம்மாவுக்கென்று ஒரு சேலை வாங்கிக்கொண்டுதான் அவன் வீட்டுக்கு வந்தான். கரையில் பெண்களும் கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். கோயில் திருவிழாவில் தேர் தூக்கப் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டோம். வெட்கமாக இருந்தது.

புது ஐஸிலும் துணைக்கட்டி வைத்தோம். வழக்கத்தை விடுவானேன் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் சரி என்றோம். கட்டி மாறிவிட்டது, வழக்கம் மட்டும் மாறவில்லை. அங்கேதான் ஊரே சேர்ந்து தப்புச் செய்தோம்.

அந்த வருஷம் அக்டோபர் நடுவில் "பரலோக மாதா" கிளம்பியது. என் வீட்டுக்காரர்தான் அதற்கு டிரைவர், அவரோடு எட்டுப் பேர். வழியனுப்ப ஜெசிந்தாவும் வந்திருந்தாள். துறைமுகத்தில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ கையில் கொடுத்து, விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். அவளுக்கு ரயில் நேரமாகிவிட்டதென்று அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அவர் கடைசியாக ஒரு வாய் கட்டஞ்சாயா குடிக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்தார். வந்தவர் மடியிலிருந்து மாத்திரை டப்பா மாதிரி ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"கொதிதண்ணிக்குத் தோதா ஒரு சாமான்."

"என்னது?"

"ஜெசி தந்தா. இதத் தூவினா எவ்வளவு பெரிய கட்டியும் கரைஞ்சிரும். இந்த ஐஸு வந்ததுல இருந்து நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு அலையிதல்லா? இனி துணைக்கட்டி கரையிறதுக்கு நீ காத்துக் கெடக்க வேண்டாம். எப்ப நான் வரணும்னு உனக்குத் தோணுதோ, அப்பத் தூவு."

"தூவினா நீங்க வந்திருவீங்களோ?"

"நான் வாரனோ இல்லியோ, கட்டி கரைஞ்சா ஊரே கெளம்பி வருமில்லா, என்னத் தேடி!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கோபத்துக்கு அவர் இப்படித்தான் எதையாவது கொண்டு வந்து கையில் தருவார். அதில் மயங்கித்தானே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்.

"ஆனா ஒண்ணுட்டி," என்று வாசலில் நின்று திரும்பினார். "கோவத்துல தூவிராத. நல்ல பாடு கெடக்கும்போது என்னப் பாதியில இழுத்துட்டு வந்தா எட்டுப் பேரும் என்ன ஏசுவானுவ. பொறுமையா இரு."

"இருந்து காட்டுதேன், பாருங்க."

"நீயா? பொறுமையாவா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு மாதம் கழிந்தது. தாய்க்கப்பல் ஒரு சுற்று முடித்துத் துறைமுகத்துக்கு வந்தபோது அதன் ஆட்களிடம் விசாரித்தேன். எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாவற்றுக்கும் டீசல் கொடுத்தோம், பரலோக மாதாவை மட்டும் கடைசி இரண்டு தடவை பார்க்கவில்லை என்றார்கள். நேராகக் கமிட்டித் தலைவர் ததேயு வீட்டுக்குப் போனேன்.

"ரோமால்ட் வேற பக்கம் போயிருப்பான், இமல்டா. அவன் புத்திசாலி. கட்டியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருக்கு?"

"வச்சது வச்சபடி இருக்கு."

"பின்ன? கட்டி நிக்கும்போது மணியடிச்சா ஊரு என்ன சொல்லும்? பொறுமையா இரு மக்களே."

மீன்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "எத்தனை நாளைக்கு ஐஸ் எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா?" என்று கேட்டார். நாலஞ்சு மாதத்துக்கு என்றேன். "அப்ப இன்னும் நாள் இருக்கே. உங்க கமிட்டியும் காணோம்னு சொல்லலியே. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அந்தப் படகில் போன சூசையின் பெண்டாட்டி மெற்றில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "எனக்க மாப்பிள உயிரோட இருக்காரு இமல்டாக்கா. துணைக்கட்டி நிக்குது. நீங்க கமிட்டி கமிட்டின்னு அலைஞ்சு, காணோம் காணோம்னு சொல்லி, அவரக் கொன்னுராதிய. ஒங்க கால்ல விழுதேன், பொறுமையா இருங்க." அவளுக்கு அப்போது ஆறு மாதம். அவளிடம் நான் என்ன சண்டை போட?

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். "மைனி, நான் செஞ்ச ஐஸு. அது நிக்கும்" என்றாள்.

"ஐஸு நிக்கும்ட்டி. ஆளுக நிக்காங்களா?"

"அண்ணன்ட்ட எது வேணுமோ அதக் குடுத்துத்தான் அனுப்பியிருக்கேன். எது நடந்தாலும் தாங்குவாரு. நீங்க பொறுமையா இருங்க மைனி" என்றாள். ஐஸைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. நான் கட்டவில்லை. டப்பாவை மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். தினமும் கையில் எடுப்பேன், அவர் வாசலில் நின்று சிரித்தது நினைவுக்கு வரும், திரும்ப வைத்துவிடுவேன். இந்த ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம், வந்ததும் "பாத்தீரா?" என்று கேட்போம் என்று என்னை நானே கட்டிப்போட்டேன். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் வாரம், மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்து வெளியே வந்தேன். மெற்றில்டா வயிற்றைத் தள்ளிக்கொண்டு தொட்டியருகே போய், சாக்கை விலக்கி, கட்டியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது. வீட்டுக்கு ஓடினேன், டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சாக்கை இழுத்து எறிந்தேன், மரத்தூளை இரண்டு கையாலும் வாரிக் கொட்டினேன். கட்டி கூர் மழுங்காமல் நின்றது. அவர் போன அன்று எப்படி வைத்தோமோ அப்படியே! அதன் மேல் டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளேயிருந்து படபடவென்று ஒரு சத்தம். கட்டி வெளுத்து, பொடிந்து, அப்படியே உட்கார்ந்தது. துளை வழியாகத் தண்ணீர் பாய்ந்து பானை நிறைந்து வழிந்து, எங்கள் காலையெல்லாம் நனைத்துக்கொண்டு கடலைப் பார்க்க ஓடியது. பெண்கள் அலறினார்கள். மெற்றில்டா என்னை முதுகில் மாறி மாறிக் குத்தினாள். குத்திவிட்டு, வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அவளாகவே ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. ததேயுவே அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

ஜெசிந்தா அடுத்த நாளே விமானத்தில் வந்துவிட்டாள். "கட்டி எப்பிடி மைனி கரைஞ்சிது?" என்று கேட்டாள். நான் அடுக்களை அலமாரியில் இருந்த காலி டப்பாவைக் காட்டினேன்.

"இது எப்பிடி இங்க?"

"ஒங்க அண்ணன்தான் போகும்போது தந்துட்டுப் போனாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னட்டி?" என்று உலுக்கினேன். "ஒண்ணுமில்ல மைனி. தலை சுத்துது" என்றாள். டப்பாவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள், அந்த வழியாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் செய்தி போகிற வரைக்கும் ஓயவில்லை.

ஒரு சரக்குக் கப்பல்தான் கண்டுபிடித்தது. படகு டீசல் தீர்ந்து, மினிக்காய்த் தீவுக்கும் அப்பால் எங்கேயோ மிதந்துகொண்டிருந்ததாம். எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் இல்லை.

அந்த ஒருவர் யார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது. கப்பல் கண்டபோது அவர் இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. படகின் அடியறையில் ஐஸ் இருந்ததால் உடம்பு கெடாமல் வந்தது. துணைக்கட்டிப் பானைத் தண்ணீரால் அவர் முகத்தை நான் கழுவினேன். அழக்கூட முடியவில்லை, அவ்வளவு கோபம் வந்தது.

தாகத்தில் கிடந்தார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அடியறை முழுக்க ஐஸ், குடிக்கத் தண்ணீர் இல்லை. நல்லடக்கத்துக்குப் பிறகு ஜெசிந்தாவைப் பிடித்து நிறுத்தினேன். "கட்டியக் கரைச்ச அந்தப் பொடி அவரு கையில இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா? சொல்லுட்டி!"

"இல்ல மைனி. அது ஆலையில அச்சுக் கழுவுற மருந்து. அதுல கரைச்ச தண்ணியக் குடிச்சா வெஷம்." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "குடிக்கிற மாதிரி ஒண்ண நான் செஞ்சு குடுத்திருக்கணும். தோணல. என் தப்பு."

பத்திரிகைக்காரர்களிடமும் அதையே சொன்னாள். இவ்வளவு படித்தவளுக்கு அது தோணவில்லையா என்று ஊர் கொதித்தது. ஊருக்கே கொதிப்பு என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? "ஒங்க அப்பா பிடிச்ச மீன் நாறிச்சுன்னு ஐஸு செஞ்சியே. ஒங்க அண்ணன் தாகத்துல செத்தாரேட்டி! இனி எனக்க வாசல்ல ஏறாத" என்று எல்லார் முன்னாலும் அவள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

சூசை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். மெற்றில்டாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தாள்.

"அக்கா, ஜெசி எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, சொல்லக் கூடாதுன்னு. ஆனா நீங்க அவளத் தெருவுல நிறுத்தினதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"எதச் சொல்லக் கூடாதுன்னு?"

"அந்தப் பொடி வெஷம் இல்லக்கா. குடிக்கதுக்குத்தான் அவ அதச் செஞ்சா. வழியில ஏதும் ஆயிட்டா ஐஸக் கரைச்சுக் குடிக்கணும்னு, ராவும் பகலுமா உக்காந்து ஒரு டப்பா மட்டும் செஞ்சு கொண்டுவந்தா. துறைமுகத்துல வச்சு அண்ணன் கையில குடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன்."

அவன் மெதுவாகச் சொன்னான். புயல் சின்னம் என்று தாய்க்கப்பல் இடம் மாறிப்போனதாம். அதைத் தேடித் தேடியே டீசல் தீர்ந்துவிட்டதாம். இன்ஜின் நின்றதும் பாட்டரியும் செத்து, இடம் காட்டும் கருவியும் வயர்லெஸும் வேலை செய்யவில்லையாம். அடுப்புக்கு காஸும் தீர்ந்து, குடிதண்ணீரும் தீர்ந்த அன்று, பொடி டப்பாவை எடுங்கள் என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது வீட்டில் இருக்கிறது என்றாராம்.

"வாயில வந்தபடி ஏசினோம்க்கா. ஐஸ வாயில வச்சா நாக்குதான் மரத்துப்போவுது, ஒரு சொட்டு எறங்காது. இருந்த பலகைய எரிச்சோம். பெறவு கறுப்புத் தார்ப்பாயில பொதிஞ்சு வெயில்ல வச்சோம், பகல் முழுக்க வச்சா ஆளுக்கு ரெண்டு மடக்கு கெடைக்கும். பத்தல. அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஐஸ உடைச்சு பனியனுக்குள்ள போட்டுக்கிட்டு வெயில்ல குப்புறப் படுத்துக்கிட்டாரு. ஒடம்புச் சூட்டுல கரையட்டும்னு. அதப் பிழிஞ்சு எங்களுக்குத் தருவாரு. தப்பு எனக்கது, நான்தான் செய்யணும்னு எங்கள விடல. கடைசியில அவரு தாகத்துல சாவலக்கா. அந்தக் கொளுத்துற வெயில்ல, குளிருல செத்தாரு."

மெற்றில்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை விழித்துக்கொண்டது.

"கோவமா இருந்தாராடே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கோவமா? சிரிச்சாருக்கா. நாங்க ஏசினப்பகூடச் சிரிச்சாரு. 'லேய், டப்பா இருக்க வேண்டிய இடத்துலதாம்ல இருக்கு. எனக்க பொண்டாட்டி யாரு? கொதிதண்ணி! கப்பல்காரன் நம்மளப் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பான், அன்னைக்கே தூவியிருப்பா. ஆளு வந்துக்கிட்டே இருக்கும்' அப்பிடின்னாரு. தெனமும் காலையில எந்திச்சு அதையேதான் சொல்லுவாரு. 'இன்னைக்கு வந்துருவானுவ. அவளுக்குப் பொறுமை கெடையாது.' கடைசி நாளும் அதத்தாங்கா சொன்னாரு."

அன்றைக்கே பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் ஜெசிந்தாவைக் கூட்டி வந்துவிட்டேன். அந்த டப்பாவைப் பார்த்த நொடியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாதென்று, ஊர் சொன்ன பழியையும் நான் சொன்ன பழியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். மூடிக்கிடந்த ஐஸ் ஆலை ஒன்றைத் திறக்க வைத்து, துணைக்கட்டிக்கு மட்டும் பழைய ஐஸ் வார்க்கிறாள், இரண்டு வாரத்தில் கரைகிற ஐஸ். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அவள் "நான் அந்த ஐஸ செஞ்சிருக்கவே கூடாது மைனி" என்பாள், நான் "விடுட்டி" என்பேன், அவ்வளவுதான்.

அவளிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ததேயு சொன்னார், பொறுமையாக இரு என்று. அந்த அதிகாரி சொன்னார், மெற்றில்டா காலில் விழுந்து சொன்னாள், இவளும் போனில் சொன்னாள். எல்லாருக்கும் முன்னால் அவரே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னாரே தவிர, அவர் அதை ஒரு நாளும் நம்பவில்லை. நடுக்கடலில் கிடந்துகொண்டு என் கோபத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து நான் பொறுமையாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.